கம்பெனி கைமாறுவதற்குள்

பயம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால்கூட ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் போலத்தான் எழுந்து நிற்பாள். கல்யாணமாகி, மகள் கல்லூரிக்குப் போகும் வயது வந்த பிறகும் அது போகவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்துவிடும். உடனே கணவருக்கு ஒரு போன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், எதையும் சட்டை செய்யாத ஆள். "அணைச்சாச்சு. பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் வச்சாச்சு. தீயணைப்பு வண்டிக்கும் சொல்லி வச்சிருக்கேன், நீ நிம்மதியா போ" என்பார்.

இப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்தது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். தீப்பிடித்துவிடுமோ, வெள்ளம் வந்துவிடுமோ, திருடன் புகுந்துவிடுவானோ என்று ஓயாமல் கவலைப்பட்டதற்கு வீட்டில் திட்டுத்தான் கிடைத்தது. அலுவலகத்தில் அதற்கே சம்பளம் கொடுத்தார்கள். கடைகள், கிடங்குகள், சின்னச் சின்னப் பட்டறைகள் இவற்றுக்குக் காப்பீடு கொடுக்கும் கம்பெனி அது. அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இந்தக் கம்பெனியை ஆட்டி வைக்க ஒரு தாய்க் கம்பெனி இருந்தது. நகரத்தின் நடுவில் கண்ணாடிக் கட்டடம், வாசலில் சீருடைக் காவலாளி, உள்ளே குளிர். இவர்களுடையது அந்தத் தாய்க் கம்பெனிக்குச் சொந்தமான துணை நிறுவனம். அங்கிருந்து யாராவது வந்தால் இங்கே எல்லாரும் நாற்காலியை இழுத்துவிட்டு எழுந்து நிற்பார்கள்.

அவள் இழப்பீட்டுப் பிரிவின் பொறுப்பாளர். கடை எரிந்துபோனவர், கிடங்கில் தண்ணீர் புகுந்தவர், பூட்டு உடைபட்டுத் திருட்டுக் கொடுத்தவர், எல்லாரும் முதலில் வந்து நிற்பது அவள் மேஜைக்கு முன்னால்தான். எந்த க்ளெய்ம் வந்தாலும் "இன்னொரு தரம் பார்த்துடுங்க" என்று சொல்லாமல் விடமாட்டாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'இன்னொருதரம் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலாளர் கூப்பிட்டனுப்பினார். எந்நேரமும் அறைக்கதவைத் திறந்து வைத்தே வேலை செய்கிற மனிதர் அவர். அன்று, "கதவைச் சாத்திட்டு வாங்கம்மா" என்றார். அவள் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"உக்காருங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அதை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா இங்கயே மயக்கம் போட்டுடுவீங்க" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கம்பெனியை விக்கறாங்க" என்றார்.

"எந்தக் கம்பெனியை சார்?"

"நம்ம கம்பெனியைத்தான். நீங்க உக்காந்திருக்கற நாற்காலி, நான் உக்காந்திருக்கறது, நாம குடுத்த பாலிசி, எல்லாத்தையும் சேர்த்து மொத்தமா."

தாய்க் கம்பெனி வேறு ஏதோ தொழிலில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டுவிட்டதாம். அந்த ஓட்டையை அடைக்க இவர்களை விற்கிறார்கள். வாங்க ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. இந்த அலுவலகத்தில் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், இப்போது அவளும் அதில் ஒருத்தி.

"எனக்கு ஏன் சார் சொல்றீங்க?" என்று கேட்டாள். உண்மையில் அவள் கேட்க நினைத்தது, 'எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா' என்பதைத்தான்.

"வாங்கறவங்களுக்கு ஒரே ஒரு பயம். வாங்கின மறுநாள் தலையில எது வந்து விழும்னு. முடியாம கிடக்கற க்ளெய்ம் எது, கோர்ட்டுல இழுத்துட்டிருக்கறது எது, எல்லாம் கேக்கறாங்க. அதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல. ஒண்ணு விடாம சொல்லணும்மா. ஏதாவது ஒண்ணை மறைச்சு, பின்னாடி அது கிளம்பிச்சுன்னா, வித்தவங்க கழுத்துலதான் கத்தி."

"வெளிய தெரிஞ்சா என்ன சார் ஆகும்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம என்னத்தம்மா விக்கறோம்? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க இருப்போம்ங்கற வார்த்தையைத்தானே? அந்த நாங்களே இருப்போமான்னு சந்தேகம் வந்துட்டா எவன் நிப்பான்? ஏஜென்டுங்க ஒரே ராத்திரியில எதிர்க் கம்பெனிக்குத் தாவிடுவாங்க. நல்ல வேலைக்காரங்க முதல்ல கிளம்பிடுவாங்க. அப்புறம் வாங்கறவங்க காலி நாற்காலியையா வாங்குவாங்க? சரி, அவங்க வேண்டாம்னு போயிட்டாங்கன்னே வச்சுக்குங்க. வேற யாராவது வருவாங்களா? நிச்சயம் பண்ணி நின்னுபோன கல்யாணம் மாதிரிதான். என்ன குறையோன்னு ஊரே பேசும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வீட்டுலயும்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாரும் தன் வாயையே பார்ப்பது போல இருந்தது.

வீட்டில்தான் கஷ்டம். கணவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. ஒரு பொய் சொல்லிவிட்டால் அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து மகளோடு போய்ப் படுத்துக்கொண்டாள். மகளோ காலையில், "அம்மா, நீ பல்லை நறநறன்னு கடிக்கற, என்னால தூங்கவே முடியல" என்று புகார் சொன்னாள். "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றார் கணவர். "ஒண்ணுமில்ல, வேலை அதிகம்" என்றாள். அவர் அவள் காதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை. துணி மார்க்கெட்டில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்கும் கடை வைத்திருப்பவள். அவள் கணவர் வெளிநாட்டில் வேலையாக இருந்ததால் கடை முழுக்க அவள் தலையில். வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் கிடையாது. வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் கடைக்கு வந்தான். உங்களைவிடக் கம்மியா பாலிசி தரேங்கறான். என் பாலிசி முடியப்போகுது. மாத்திடட்டுமா, உங்க கிட்டயே இருக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்."

மாற்று என்றால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மறுநாளே மார்க்கெட் முழுக்கப் பரவிவிடும். இரு என்றால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"இங்கயே இரும்மா" என்றாள். "எங்க பொறுப்பு."

"அவ்வளவுதான், முடிஞ்சுது. டீ போடுங்க" என்றாள் நாத்தனார். இவள் எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்ற வைக்காமலே கொஞ்ச நேரம் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் எப்படியும் வெளியே வரத்தானே வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பத்திரிகையில் செய்தி வந்தது. அன்று காலை அவள் வேலைக்குப் போனபோது மருந்துக் கடை வாசலில் இருந்து மாடிப்படி வரைக்கும் கூட்டம். கம்பெனியை மூடிவிட்டு ஓடப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பாலிசியை ரத்து செய்து கட்டியதைத் திருப்பிக் கொடு என்று ஆளாளுக்குச் சத்தம். கவுன்டரில் இருந்த பெண் அழுதுவிட்டாள். மேலாளர் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் இவள் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றாள். நாற்காலியின் ஒரு கால் ஆட, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கேளுங்க! கம்பெனி எங்கயும் ஓடல. ஆள்தான் மாறுது. உங்க பாலிசி அப்படியே இருக்கும். யார் வாங்கினாலும் அதுல இருக்கறதைக் குடுத்தே ஆகணும், அது சட்டம். இன்னிக்கு ரத்து பண்ணிட்டுப் போனா, நாளைக்கு உங்க கடைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்ட போவீங்க?"

"நீ இருப்பியாம்மா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், அது தன் கையில் இல்லை என்று உறைத்தது.

பாதிப் பேர் ரத்து செய்துவிட்டுப் போனார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்கள். அந்த மாதத்துக்குள் மேலாளர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. பெரிய ஏஜென்ட் ஒருவர் தன் ஆட்களோடு எதிர்க் கம்பெனிக்குப் போனார். எரிந்த கடையைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுகிற சர்வேயர்களில் கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். போகும்போது ஒருவர், "அக்கா, கப்பல் ஓட்டை ஆயிடுச்சு, நீங்களும் குதிச்சிடுங்க" என்றார். "எனக்கு நீச்சல் தெரியாதுப்பா" என்றாள். அவர் சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் அனுமதி வரவேண்டும். வந்தால்தான் கம்பெனி கைமாறும். அதுவரை பழைய முதலாளியும் இல்லை, புது முதலாளியும் இல்லை என்கிற மாதிரி இழுபறி. தாய்க் கம்பெனி ஒரு நாற்காலி ரிப்பேருக்குக்கூடப் பணம் கொடுக்க மறுத்தது.

அப்படி இருக்கும்போதுதான் மார்க்கெட் எரிந்தது.

காலை வேளை. கணவர் போன் செய்தார். "துணி மார்க்கெட் பக்கம் ஒரே புகை. வேனைத் திருப்பி விட்டுட்டாங்க. தங்கச்சி போனை எடுக்க மாட்டேங்கறா." வழக்கமான கேலி அவர் குரலில் இல்லை. ஜன்னலுக்கு ஓடினாள். கட்டடங்களுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு தூண் எழுந்து நின்றது. கைப்பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

மார்க்கெட்டுக்குப் போகும் தெருவெல்லாம் தண்ணீர்க் குழாய்களும் தீயணைப்பு வண்டிகளும். ஆட்கள் மூட்டைகளை இழுத்துக்கொண்டு வந்து நடுரோட்டில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓடினார்கள், போலீஸ்காரர்கள் பிடித்துத் தள்ளினார்கள். துணி கருகும் வாடை தொண்டையில் ஒட்டியது. யாரைக் கேட்டாலும் "தெரியல, தெரியல" என்றார்கள். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று ஒருவர் சொன்னார். கண்ணில் பட்ட பெண்களின் முகத்தையெல்லாம் பிடித்துத் திருப்பாத குறையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒரு வங்கியின் படிக்கட்டில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி. உடம்பெல்லாம் ஈரம். மடியில் ஒரே ஒரு திரைச்சீலைச் சுருள்.

"இது ஒண்ணுதான் கைக்கு வந்துச்சு அண்ணி. அதுவும் விலை போகாத கலர்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு இவள்தான் அழுதாள். நாத்தனார் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, என் பாலிசி இருக்குல்ல?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

"உங்க கம்பெனி இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள். உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று சாயங்காலம்தான் தெரிந்தது. கடைகள் வரிசை வரிசையாகப் போயிருந்தன. அவற்றில் நிறையக் கடைகள் இவர்களுடைய பாலிசி வைத்திருந்தவை.

மறுநாள் காலை மேலாளரின் அறையில் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து வந்த தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விற்பனை வேலை முழுக்க அவர் பொறுப்பு. மிகவும் மெதுவாகப் பேசுவார், எதிரே இருப்பவர் குனிந்து கேட்டால்தான் காதில் விழும். மேலாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை இருக்கும்மா" என்றார் வந்தவர். "கைமாறதுக்கு முன்னாடி பெரிய நஷ்டம் ஏதாவது வந்தா, வாங்கறவங்க வேண்டாம்னு எழுந்து போயிடலாம். மார்க்கெட் எரிஞ்சது அவங்களுக்கும் தெரியும். அதுல நம்ம கடை எத்தனைன்னு தெரியாது. க்ளெய்ம் பதிவானாத்தான் தெரியும். அனுமதி சீக்கிரமே வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் நிதானமா போங்க."

"நிதானமான்னா சார்?"

"வர்றவங்ககிட்ட சர்வேயர் இல்லன்னு சொல்லுங்க. பொய்யும் இல்லையே, ரெண்டு பேர் போயிட்டாங்களே. யாரையும் ஏமாத்தச் சொல்லல. குடுக்க வேண்டியதைப் புது முதலாளி குடுத்துட்டுப் போறான். இது நடக்கலைன்னா இந்த ரெண்டு மாடியையும் இழுத்து மூட வேண்டியதுதான். இத்தனை பேர் குடும்பம் உங்க கையில இருக்கு." எழுந்தவர், போகிற போக்கில் சொல்வதுபோல, "உங்க நாத்தனார் கடையும் அங்கதானாமே? அவசரப்பட்டுப் பதிவு பண்ணினா, சொந்தக்காரிக்காகப் பண்ணினாங்கன்னு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றார்.

"சரி சார்" என்றாள் அவள்.

ஆமாம், சரி என்றுதான் சொன்னாள். கேட்கிறவர் யாராக இருந்தாலும் பயந்தால் அவள் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வந்தவர்களிடமெல்லாம் "சர்வேயர் வரணும், சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காது மடல் தகித்தது. முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், நூலும் பொத்தானும் விற்கிற ஒருவர் வந்தார். சட்டையில் புகை வாடை இன்னும் போகவில்லை. புருவம் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. அவரிடமும் அதையே சொன்னாள்.

"சரிம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். "அன்னிக்குக் கூட்டத்துல நானும் ரத்து பண்ணத்தான் வந்தேன். நீங்க நாற்காலி மேல ஏறி நின்னு சொன்னீங்கல்ல, அதைக் கேட்டுட்டுத்தான் திரும்பிப் போனேன். நல்ல வேளை. இல்லன்னா இன்னிக்கு நடுத்தெருவுல நின்னிருப்பேன்." கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவள் எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வெளியே இறங்கினாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் வேனை நிறுத்திவிட்டுக் கணவர் மதியம் அங்கேதான் இருப்பார். போய்ப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். பத்திரிகையில் வருமுன்பே விற்பனை தனக்குத் தெரிந்திருந்தது, அவர் தங்கையிடம் 'இங்கேயே இரு' என்று சொன்னது, இன்று காலை சொன்ன 'சரி' எல்லாம்.

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "வேலை போனா போகட்டும்னு சொல்ற அளவுக்கு நான் சம்பாதிக்கல. அதனால அதை நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

"அப்ப என்னதான் பண்றது?"

"எனக்கு உங்க தொழில் தெரியாது. ஒண்ணு கேக்கறேன். எது உனக்கு அதிகப் பயமா இருக்கு? சொல்றதா, சொல்லாம இருக்கறதா?"

அவள் யோசிக்கவே இல்லை. "சொல்லாம இருக்கறது" என்றாள். "நான் எதை மறைச்சாலும் மாட்டிக்குவேங்க. உங்களுக்கே தெரியும்."

"தெரியுமே. இத்தனை நாளா உன் காது வேனோட பிரேக் லைட் மாதிரி எரிஞ்சுகிட்டிருந்துச்சு" என்றார்.

திரும்பி வந்து மேலாளரின் அறைக்குள் போனாள். பேச ஆரம்பித்தபோது குரல் கீச்சென்று வந்தது. செருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "சார், என் நாத்தனார் க்ளெய்மை நான் தொட மாட்டேன். வேற பிரிவுல இருந்து யாரையாவது போடுங்க. மத்ததை எல்லாம் இன்னிக்கே பதிவு பண்றேன். ஒண்ணை மறைச்சா வித்தவங்க கழுத்துலதான் கத்தின்னு நீங்கதானே சொன்னீங்க? என்னை வேலையை விட்டு எடுக்கணும்னா எடுத்துடுங்க. ஆனா இப்பவே சொல்லிடுங்க, காத்துக்கிட்டிருக்க என்னால முடியாது."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு, "எனக்கும் காலையில இருந்து இதேதான் மனசுல ஓடிக்கிட்டிருக்கும்மா" என்றார். போனை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குப் பேசினார். மெதுவாகப் பேசுகிற அந்த மனிதரின் குரல் அன்று மேஜைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. மேலாளர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, 'நீங்க போய்ப் பண்ணுங்க' என்று கையால் சைகை காட்டினார்.

அந்தச் சாயங்காலத்துக்குள் வந்திருந்த கடைகள் எல்லாம் பதிவாகின. விலகிப்போன சர்வேயரை அவளே போனில் பிடித்து, "வெளி ஆளாவே வந்து பாத்துக் குடுப்பா, கூலி தரோம்" என்று கெஞ்சினாள். அவர் வந்தார்.

மூன்றாம் நாள் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு அம்மாள். நரைத்த முடி, பெரிய கண்ணாடி, சிரிக்கிற பேச்சே இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இவளைக் கூப்பிட்டார். மேலாளரும், அந்தத் தலைமை அலுவலகத்துக்காரரும் அதே மேஜையில் இருந்தார்கள்.

"தீப்பிடிச்ச மறுநாள் காலையில வந்தவங்க க்ளெய்ம்கூட சாயங்காலம்தான் பதிவாயிருக்கு. ஏன்?"

தலைமை அலுவலகத்துக்காரர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கூட்டம் அதிகம் என்று சொல்லலாம், ஆள் இல்லை என்று சொல்லலாம். அவள் வாயைத் திறந்தாள். காது சூடேறுவது அவளுக்கே தெரிந்தது.

"தாமதம் பண்ணலாம்னு பேச்சு வந்துச்சு மேடம். நானும் சரின்னேன். அரை நாள் அப்படித்தான் பண்ணினேன். அதுக்கு மேல முடியல."

பேனா மூடி நின்றது. மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் முன்னால் இருந்த காகிதங்களை அடுக்கி வைத்தார். "பேச்சு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல" என்றார். "கேட்டா நீங்க சொல்லிடுவீங்க போலிருக்கு. போங்க."

அதன் பிறகு நாட்கள் நகர மறுத்தன. வாங்குகிறவர்கள் வருவார்களா, போவார்களா என்று எதுவும் தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். "இவங்களால எல்லாருக்கும் வேலை போகப்போகுது" என்று தண்ணீர்க் கூஜா பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அது பொய் என்று அவளுக்கே உறுதியில்லை. சாப்பாட்டு டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. மகள் ஒன்றும் கேட்காமல் அதைத் திறந்து தானே சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்தாள்.

கடைசியில் அவர்கள் போகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் தங்களுக்கு என்று இன்னொரு பெரிய கம்பெனியிடம் காப்பீடு எடுத்து வைத்திருக்கும். மார்க்கெட் நஷ்டத்தின் பெரும்பகுதி அந்த வகையில் வேறொருவர் தலைக்குப் போனது. மிச்சத்தைக் காட்டி, பேசிய விலையை நன்றாக அடித்துக் குறைத்துக்கொண்டுதான் வாங்கினார்கள். தாய்க் கம்பெனியின் ஓட்டை பாதிதான் அடைபட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆணையத்தின் அனுமதியும் வந்தது. பழைய பெயர்ப் பலகையை இறக்கியபோது அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, "பாத்து, பாத்து! கீழ ஆள் போறாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஏணி மேல் நின்றவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

நல்லவர்களுக்கெல்லாம் நல்லதே நடந்தது என்று சொல்ல முடியாது. மேலாளரைப் புதுக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. அவர் தன் கண்ணாடிக் கூட்டையும் ஒரு செடித் தொட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். மெதுவாகப் பேசுகிறவர் கண்ணாடிக் கட்டடத்திலேயே இருக்கிறார், பதவி உயர்வு கிடைத்ததாகவும் கேள்வி. இவளுக்கு வேலை இருந்தது, பொறுப்பாளர் பதவி இல்லை. அவளைவிட இளையவர் ஒருவரை மேலே கொண்டுவந்து வைத்தார்கள். அவரும் நாளடைவில் 'இன்னொரு தரம் பார்த்தாச்சா அக்கா?' என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடலானார்.

நாத்தனார்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுடைய க்ளெய்மைப் பார்த்த வேறு பிரிவு ஆள் கறாரானவர். ஒவ்வொரு துணிக்கும் ஆதாரம் கேட்டு, அலைய வைத்து, கடைசியில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார், அதுவும் மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகு. கம்பெனி விற்கப்போவது தெரிந்தும் அண்ணி தன்னிடம் வாயைத் திறக்கவில்லை என்பதும் அவளுக்கு எட்டிவிட்டது. அண்ணனோடு போனில் பேசுவாள், அண்ணியைக் கேட்கமாட்டாள். இவளுக்கு அலுவலகத்துப் பயமெல்லாம் போன பிறகும் இந்த ஒன்று நெஞ்சில் கல்லாக இருந்தது. உறவு முறிந்தே போய்விடுமோ என்று மாதக்கணக்கில் தவித்தாள்.

மார்க்கெட்டைத் திரும்பக் கட்டித் திறந்த பிறகு, ஒருநாள் வேலை முடிந்து, தானே அந்தக் கடைக்குப் போனாள். வாசல் வரை போய்விட்டு உள்ளே நுழையத் தைரியமில்லாமல் பக்கத்துக் கடைக் கண்ணாடியில் ஏதோ பார்ப்பது போல நின்றாள். புதுச் சுவரில் பெயின்ட் காயாத வாடை.

"உள்ள வாங்க. வெளிய நின்னு வியாபாரத்தைக் கெடுக்காதீங்க" என்று சத்தம் வந்தது.

உள்ளே போனாள். நாத்தனார் துணியை அளந்துகொண்டே, நிமிராமல் பேசினாள். "தீப்பிடிச்சப்போகூட நான் பயப்படல அண்ணி. என் க்ளெய்மை நீங்க பாக்க மாட்டேன்னு வேற ஆள் கையில குடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே, அப்பதான் பயந்தேன். இனிமே நமக்கு யாரு இருக்காங்கன்னு."

"நானும் பயந்துட்டுத்தாம்மா குடுத்தேன். நான் பாத்திருந்தா உனக்கு வந்ததையும் புடுங்கியிருப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"கம்பெனியை விக்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு குடும்பமே கடைக்குள் நுழைந்து, கூடத்து ஜன்னலுக்கு நீளமான திரைச்சீலை வேண்டும் என்றது. நாத்தனார் மேல் தட்டிலிருந்து ஒரு சுருளை இழுத்துப் பிரித்தாள். ஒரு கைக்கு அடங்கவில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே, அந்த முனையைப் பிடிங்க அண்ணி" என்றாள்.

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள்.